முதலில் பிரேக், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் போர்ஷே கேமன் வீடு வந்து சேர்ந்ததை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இரண்டாம் கை வண்டிதான். ஆனாலும் அதன் எஞ்சின் உன் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. எடை நடுவில் குவிந்திருப்பதால் வளைவில் அது திரும்பும் அழகே தனி. உப்பளமும் துறைமுகமும் கண்டெய்னர் லாரிகளுமாக இருக்கும் நம் ஊரில் இப்படி ஒரு காரை வைத்துக்கொண்டு, அதை டிராக்கில் ஓட்டி முறையாகக் கற்க வேண்டும் என்று நீ ஆசைப்படுவது எனக்குப் பெருமை.

எஞ்சினை ரீமேப் செய்யலாமா, சைலன்சரை மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தை வண்டியை நிறுத்துவதற்குச் செலவழி. காரணத்தைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். நம் கடற்கரையில் உன்னைப் போலவே வேகமான கார் வாங்கும் இளைஞர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. அதனால் 200 கி.மீ. வேகத்தை 100-க்குக் குறைக்கும்போது கழிக்க வேண்டிய ஆற்றல், 100-லிருந்து முழுதாக நிற்பதற்குக் கழிக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. உன்னையும் சேர்த்து 1,450 கிலோ எடையுள்ள கார் 200-இல் போகும்போது சுமந்திருக்கும் ஆற்றல், ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நீ மிதியை அழுத்தும் சில நொடிகளில் அதில் பெரும்பகுதி நான்கு டிஸ்க்குகளுக்குள் சூடாக இறங்குகிறது. சாலையில் இது எப்போதோ ஒரு முறை நடக்கும். டிராக்கில் ஒவ்வொரு லேப்பிலும், ஒவ்வொரு கடினமான வளைவுக்கு முன்னும் நடக்கும். டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

அந்தச் சூடு பேட் வழியாகக் காலிபருக்கும், காலிபரிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் போகிறது. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி வைத்திருக்கும் வரம்பு 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். ஆயிலை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேரும், ஆவியோ சுருங்கிக்கொள்ளும். மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. வருடம் முழுக்கக் கடல் ஈரத்தில் வாழும் நாம், மலையோரத்துக்காரர்கள் போல் இரண்டு வருடம் காத்திருக்க முடியாது. வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் மாற்று. டிராக்குக்குப் போகிறாய் என்றால் போவதற்கு முந்தைய வாரம் மாற்று. 300 டிகிரிக்கு மேல் தாங்கும் பந்தய ஆயில் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் ரீமேப்புக்கு நீ எடுத்து வைத்திருக்கும் தொகையின் முன் அது ஒன்றுமே இல்லை.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தின் பயிற்சியில் நடிகர் அஜித் குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சியை நீயும் பார்த்திருப்பாய். பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அவருடைய அணி அறிவித்தது. பெரிய அணி, தேர்ந்த மெக்கானிக்குகள், பந்தயத்துக்கென்றே செய்த வண்டி, எல்லாம் இருந்தும் அது நடந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தான் ஓட்டவிருந்த 911 கப் காரைச் சக ஓட்டுநர்களிடம் விட்டுவிட்டு விலகினார். அதே பந்தயத்தில், உன் காரின் உடன்பிறப்பான கேமன் ஜிடி4-ஐ மட்டும் ஓட்டினார். அவர் விட்டுக்கொடுத்த 911 கப் கார் அதன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. உடம்பும் மனமும் வண்டியும் ஒத்துழைக்காத நாளில் இருக்கையைவிட்டு இறங்குவதும் ஓட்டுநரின் வேலைதான். உனக்கும் அப்படி ஒரு நாள் வரும். அன்றைக்குக் கட்டிய பணத்தை எண்ணி வருந்தாதே.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இந்தியர் ஒருவர் முதன்முதலாகப் புள்ளி பெற்றது 2005 ஜூனில், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில். அவர் கோவைக்காரர், நாராயண் கார்த்திகேயன். அன்றைக்கு மிச்சலின் டயர் போட்ட 14 கார்களும் தொடக்கச் சுற்று முடிந்ததும் பிட்டுக்குத் திரும்பிவிட்டன. சரிந்த தளமுள்ள வேக வளைவின் சுமையை அந்த டயர் தாங்காது என்று மிச்சலினே சொல்லிவிட்டது. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. ஜோர்டான் காரில் நாராயண் நான்காவதாக வந்தார். உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள் டயரை நம்ப முடியாததால் வண்டியை ஓரம் கட்டிய நாள் அது. நீ வாங்கிய காரில் டயரின் பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளாதே. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. நம் வெயிலில் நின்றே கழித்த டயர் ஓடாமலேயே இறுகிப்போகும். ஐந்து வருடத்துக்கு மேற்பட்டது என்றால் டிராக்குக்கு எடுத்துப் போகாதே.

இனி நம் ஊர்க் காற்று. காரைத் தின்னும் பொருள்கள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்பளத்துப் பொடி பறக்கும். துறைமுகச் சாலைப் பக்கம் நிலக்கரித் தூள் படியும். இரவில் ஈரம் இறங்கி இரண்டையும் குழைத்து வண்டிக்கு அடியில் பூசிவிடும். டிஸ்க்கின் வெளிமுகத்தில் காலையில் தெரியும் செந்துரு இரண்டு முறை பிரேக் போட்டால் போய்விடும்; அது பொருட்டல்ல. நீ பார்க்க வேண்டியது கண்ணுக்குப் படாத உள்முகம், பேட் நகரும் இடங்கள், அலுமினியக் காலிபரில் இரும்பு போல்ட் ஏறும் இடம். உன் காரின் ரேடியேட்டர்கள் முன்பம்பரின் இரண்டு மூலையிலும் இருக்கின்றன. காற்று நுழையும் வாயில் சருகும் குப்பையும் புகுந்து ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே தங்கும். அதில் உப்பீரம் ஏறினால் மெல்லிய அலுமினியத் தகடுகள் பொடியாக உதிரும். வருடம் ஒரு முறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்.

போர் தண்ணீரில் மட்டும் கழுவாதே. நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் அது உப்புத் தண்ணீர். உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுவதாகும். நல்ல தண்ணீர் இரண்டு குடம் கிடைத்தாலும் போதும், அடிப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் அதையே பயன்படுத்து. கழுவியதும் அப்படியே ஷெட்டில் விடாமல் ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கைக் காயவை. பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது ஈரத்தைப் பூட்டி வைக்கும்.

நீ வாங்கியது பழைய கார் என்பதால் இன்னொன்றையும் கட்டாயம் பார்த்தாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் எப்படிக் கிடந்தது என்பது உனக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையும் மூழ்கியது. அந்த வெள்ளங்களில் நின்ற கார்கள் துடைத்துப் பளபளப்பாக்கி இன்னும் கைமாறுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் அடிநுனியில் சேற்றுக்கோடு இருக்கும். கால்மிதிக்கு அடியிலுள்ள விரிப்பைத் தூக்கிப் பார். வயர் கனெக்டர்களில் பச்சைப் பூப்பு இருந்தால் அந்த வண்டியை டிராக்கில் நம்ப முடியாது.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதூர் பாண்டியாபுரம் டோல் தாண்டினால் மதுரைச் சாலை அகலமாகக் கிடக்கிறது, கால் தானாக அழுந்தும். அதே சாலையில் விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் டிரெய்லர் உண்டு, எதிர்த்திசையில் வரும் பைக் உண்டு, ஆட்டு மந்தை உண்டு, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் உப்பளத் தொழிலாளி உண்டு. அவர்கள் யாரும் உன் பந்தயத்தில் பேர் கொடுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும் நான் உனக்கு இதையே சொல்வேன்.

வேகத்துக்கென்று இடம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில்தான் 1950-களிலிருந்து பந்தயங்கள் நடந்தன. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக டிராக் அமைத்தது. 1990-இல் திறந்த அந்த டிராக் 3.7 கி.மீ. நீளம், 12 வளைவுகள். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சுமார் 2 கி.மீ. அது தாங்கியிருக்கும் பெயருக்குரிய எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் உருவாக்கியவர். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அந்த ஃபார்முலா மாருதியில்தான் நாராயண் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டினார். ஃபார்முலா ஒன் வரை போனவர் 800 சிசி எஞ்சினில் தொடங்கினார் என்பதை நினைத்துப் பார். சக்தி குறைந்த வண்டியில் தவறு செய்தால் அது உடனே காட்டிக்கொடுக்கும், வளைவில் இழந்த வேகத்தை எஞ்சின் மீட்டுத் தராது. உன் கேமன் தவறுகளை மறைத்துவிடும். அதனால் கார்ட்டிங்கில் சில மாதம் பழகு, முடிந்தால் எல்ஜிபி ஃபார்முலா 4 பயிற்சி ஒன்றில் சேர்.

முதல் முறை செட்டிபாளையத்துக்குப் போ. நமக்குக் கிட்டத்தில் இருப்பது அதுதான், வேகமும் அடங்கியே இருக்கும். இருங்காட்டுக்கோட்டையின் முதல் வளைவு வேகமான வலது வளைவு, சி-1 என்பார்கள். புதியவர் ஒருவர் அங்கே பயந்து, வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், எடை முன்னே சாய்ந்து பின்சக்கரத்தின் பிடி தளரும். நடு எஞ்சின் வண்டி அந்த நேரத்தில் மிக வேகமாகச் சுழலும். நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துக்கொள். வளைவுக்குள் போனபின் காலில் பதற்றம் கூடாது. கண் வளைவின் வெளியேறும் முனையில் இருக்கட்டும்.

தனியாகப் போகாதே. நம் ஊரில் கடைசியாக 1961-இல் முத்துக்குளிப்பு நடந்தது. அந்தக் காலத்தில் குளிப்பவர் மூச்சடக்கி இறங்குவார், மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடிப்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். தன் தங்கையின் தாலியே அவன் கையில் இருப்பதுதான் காரணம். பிட்டில் உனக்கும் அப்படி ஒருவர் வேண்டும். நீ இன்னும் ஒரு லேப் போகலாம் என்று துடிக்கையில், டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போதும் என்று சொல்லவும், நீ கேட்டுக்கொள்ளவும் கூடிய ஆள். முதல் நாள் பக்கத்து இருக்கையில் பயிற்சியாளரும் இருக்கட்டும்.

ஓட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் லேப் டயரும் பிரேக்கும் சூடேற, கடைசி லேப் பிரேக்கைத் தொடாமல் ஆற. உள்ளே வந்து நின்றதும், பிரேக் சூடாக இருக்கையில் ஹேண்ட்பிரேக் போடாதே. சக்கரத்துக்குக் கட்டை வை. டயர் சூடானதும் காற்றழுத்தம் ஆறேழு பிஎஸ்ஐ ஏறியிருக்கும், அளந்து நோட்டில் எழுது. கொடிகளின் நிறங்களை முன்பே படித்துவிட்டுப் போ. வண்டிக்குள் தண்ணீர் பாட்டில், செல்போன், மிதியடி எதுவும் இருக்கக் கூடாது. பைக் ஹெல்மெட் உதவாது, கார் பந்தயத் தரச்சான்று பெற்றதை வாங்கு.

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படி. நம் நாட்டுத் தனியார் கார் பாலிசிகள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்பட்டவை. டிராக்கில் இடித்தால் செலவு முழுதும் உன்னுடையது. போகும்போதும் திரும்பும்போதும் காரைப் பிளாட்பெட்டில் ஏற்று. பேட் தேய்ந்து, டயர் களைத்து, நீயும் களைத்திருக்கும் மாலையில் 350 கி.மீ. ஓட்டி வர வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வண்டியை எடுத்து வா, நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிடுவோம். பழைய சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் கொண்டு வா. பிரேக் ஆயில் சீல் உடைக்காத டப்பாவாக இருக்க வேண்டும்; யாராவது பாதி மிச்சம் இருக்கிறது என்று தந்தால் வாங்காதே.

அன்புடன்,
அண்ணாச்சி