காப்பி, தேநீர்: உடல் நீரும் இரும்புச் சத்தும்

காப்பியும் தேநீரும் உடம்பிலுள்ள நீரை வற்றச் செய்துவிடும் என்னும் கருத்து மக்களிடையே பரவலாக உண்டு. களைப்பைப் போக்கும் அமுதம் என்று அவற்றைப் போற்றுவோரும் உளர். இவ்விரண்டில் எது மெய் என்று கிராமங்களிற் பணியாற்றும் ஊழியரையும் ஆசிரியரையும் மக்கள் வினவக் கூடும். தக்க விடையளிப்பதற்கு இப்பானங்களில் அடங்கியுள்ள காபீன் என்னும் பொருளின் தன்மையை அறிந்திருத்தல் அவசியம்.

காபீனின் தன்மை

1819ஆம் ஆண்டில் ரூங்கே என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் காப்பிக் கொட்டையினின்று காபீனைப் பிரித்தெடுத்தார். தேயிலையிலும் இதே பொருள் உண்டு. நாம் விழித்திருந்து வேலை செய்யுங்கால் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அது மூளை அணுக்களில் தனக்குரிய இடங்களைப் பற்றும்போது அயர்வும் உறக்கமும் தோன்றுகின்றன. காபீன், பூட்டினுள் நுழைந்தும் அதைத் திறவாத சாவியைப் போல, அவ்விடங்களை அடைத்துக்கொள்கிறது. ஆகவே களைப்பு நீங்குவதில்லை. நமக்குத் தெரியாதபடி மறைக்கப்படுகிறது.

உட்கொண்ட காபீனில் பாதி அளவு உடலை விட்டு நீங்கச் சுமார் 5 மணி நேரமாகும். மாலை 5 மணிக்கு அருந்திய காப்பியின் பாதி வலிமை இரவு 10 மணிக்கும் எஞ்சியிருக்கும் என்பது இதனால் விளங்கும். கருவுற்ற தாய்மாருக்குக் கடைசி மாதங்களில் இந்நேரம் இரு மடங்குக்கும் மேலாக நீளுகிறது.

அளவு

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 150 மி.லி. கொள்ளும் ஒரு கோப்பை வடித்த காப்பியில் 80 முதல் 120 மி.கி. வரையிலும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65 மி.கி. வரையிலும், ஒரு வேளைத் தேநீரில் 30 முதல் 65 மி.கி. வரையிலும் காபீன் உள்ளது. நாளொன்றுக்கு 300 மி.கி. என்னும் எல்லையைக் கடவாதிருத்தல் நலம். கடுங்காப்பி மூன்று கோப்பை அருந்துபவர் இவ்வெல்லையைத் தாண்டிவிடக் கூடும்.

உடல் நீர் வற்றுமா?

காபீன் சிறுநீரகத்தில் உப்பும் நீரும் மீண்டும் இரத்தத்திற் சேர்வதைச் சிறிது தடுப்பதால் சிறுநீர் மிகுகிறது. ஆயினும் ஒரு கோப்பைப் பானத்திலுள்ள நீரிற் பெரும்பகுதி உடலிலேயே தங்குகிறது. நாள்தோறும் அருந்திப் பழகியவர்களிடத்தில் இவ்விளைவு மேலும் குறைவு. 2014இல் இங்கிலாந்தில் காப்பிப் பழக்கமுள்ள 50 ஆடவரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. அவர்கள் மூன்று நாட்கள் தினம் 4 கோப்பை காப்பியும், வேறு மூன்று நாட்கள் அதே அளவு தண்ணீரும் அருந்தினர். இரு காலத்திலும் உடல் நீரின் நிலையில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆகவே மிதமாக அருந்தினால் உடல் நீர் வற்றும் என்னும் அச்சம் வேண்டுவதில்லை.

எனினும், வெயிலில் உழைப்பவருக்குத் தேநீர் தண்ணீருக்கு ஈடாகாது. வியர்வையில் இழக்கும் நீரைத் தேநீரினால் மட்டும் நிரப்ப முயன்றால் காபீனும் சர்க்கரையும் அளவு மீறிவிடும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் உப்பிட்ட தேநீர் பருகும் வழக்கம் உண்டு. அவர்களிடையே நடத்திய ஆராய்ச்சியில், இம்மிகை உப்பு இரத்தக் கொதிப்போடு தொடர்புடையது எனக் கண்டனர்.

இரும்புச் சத்துக்கு நேரும் இழப்பு

நம் நாட்டில் கவலைக்குரிய விஷயம் வேறொன்று. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதத்தினர் இரத்த சோகையுடையவர்கள். தேயிலையிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றின் இரும்புச் சத்தோடு கூடி, அது குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. உணவோடு தேநீர் அருந்தும் ஏழைப் பெண், தன் உணவிலுள்ள சொற்ப இரும்பிலும் ஒரு பகுதியை இழக்கிறாள். நாம் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் அதன் பயனும் குறைந்துவிடும்.

வகுப்பறைச் சோதனை

துருப்பிடித்த ஆணிகள் சிலவற்றை வினிகரில் இரண்டு நாள் ஊறவைக்க. பாலில்லாத தேநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வினிகரில் ஒரு கரண்டி அதிற் சேர்க்க. தேநீர் மையைப் போலக் கருத்துவிடும். கடுக்காயின் துவர்ப்பையும் அன்னபேதியிலுள்ள இரும்பையும் கூட்டி முற்காலத்தில் எழுதும் மை செய்ததும் இம்முறையிலேயாகும். இத்தகைய சேர்க்கையே இரும்பை உடலுக்கு எட்டாமற் செய்கிறது என்பதை மாணவர் கண்ணாரக் காண்பர். கலவையை எவரும் பருகலாகாது.

மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவன

1. உணவுக்கும் இரும்பு மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பி, தேநீர் அருந்தலாகாது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவை இரும்பு சேர்வதற்கு உதவும்.

2. குழந்தைகளுக்குக் காலை உணவுக்குப் பதிலாகத் தேநீர் கொடுத்தல் தகாது. அது பசியை மறைக்குமேயன்றி உடலை வளர்க்காது.

3. பேதி கண்டவருக்குத் தேநீர் மருந்தாகாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் குறித்த அளவு சுத்தமான நீரிற் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

4. கருவுற்ற தாய்மார் காப்பியையும் தேநீரையும் பெரிதும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காப்பியையும் தேநீரையும் அறவே விலக்குமாறு கூறினால் மக்கள் செவிசாய்ப்பது அரிது. அங்ஙனம் கூறவேண்டிய அவசியமும் இல்லை. அருந்தும் நேரத்தை மாற்றச் செய்தாலே பெரும் பயன் விளையும். இதற்குச் செலவு ஏதுமில்லை.