ஒதெல்லோவை ஏமாளி என்று எழுதுமுன்

நாடகம் படித்து விமர்சனம் எழுத வரும் இளையவர்களுக்கு, ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வை முன்வைத்துச் சில வார்த்தைகள்.

1. பாத்திரத்தைப் பற்றி உங்களிடம் முதலில் பேசியது யார் என்று குறித்துவையுங்கள். ஒதெல்லோ மேடைக்கு வருவது இரண்டாம் காட்சியில்தான். முதல் காட்சியில், அவனுக்குக் கீழே பணிபுரியும் இயாகோ அவனை ஏசித் தீர்க்கிறான். ஒதெல்லோவின் பெயரைக்கூட அங்கே யாரும் சொல்வதில்லை. முதலில் கேட்டது மனத்தில் எவ்வளவு ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு: 1946-இல் உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒருவரைப் பற்றிய ஆறு குணங்களைச் சிலருக்குப் ‘புத்திசாலி’யில் தொடங்கிப் ‘பொறாமைக்காரர்’ என்று முடியும்படி வாசித்துக் காட்டினார். வேறு சிலருக்கு அதே பட்டியல் தலைகீழாகப் போனது. முதல் கூட்டத்தின் மனத்தில் எழுந்தவர் நல்ல மனிதர். மற்றதில் எழுந்தவர் அப்படியில்லை.

2. மனைவி டெஸ்டிமோனாவைப் பற்றி இயாகோ சொல்லும் பொய்யை ஒதெல்லோ நம்பியதும், ‘ஏமாளி’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். சூழ்நிலையை மறந்து செயலைக் குணத்தின் தலையில் கட்டுவது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் அதை அடிப்படைப் பிழை என்றே சொன்னார். ஒரு செயலுக்குக் காரணம் தேட 1967-இல் ஹெரால்ட் கெல்லி முன்வைத்த கேள்விகளில் ஒன்று இங்கே உதவும்: மற்றவர்களும் அப்படித்தான் நடந்தார்களா? காஸியோ இயாகோவை நம்புகிறான். ரொடெரிகோ பணத்தைக் கொட்டி நம்புகிறான். அவனுடைய மனைவியாகக் கூடவே வாழும் எமிலியா, எதற்கென்று தெரியாமலே டெஸ்டிமோனாவின் கைக்குட்டையை எடுத்துக் கொடுக்கிறாள். கணவன் மாறிப்போனதும் டெஸ்டிமோனா வழி கேட்பதும் இயாகோவிடம்தான். இத்தனை பேர் ஏமாறும்போது, காரணத்தை ஏமாற்றியவனிடம் தேடுவதே முறை.

3. அதற்காக ஒதெல்லோவை விடுதலை செய்துவிடாதீர்கள். உளவியல் படித்த உற்சாகத்தில் எழுதப்படும் அத்தகைய கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. இயாகோவின் சொல்லை எடுத்துக்கொண்டு டெஸ்டிமோனாவின் சொல்லைத் தள்ளி அவளைக் கொன்றவன் அவன்தான்.

4. “கைக்குட்டை தொலையவில்லை என்று டெஸ்டிமோனா ஏன் பொய் சொன்னாள்?” என்று யாராவது கேட்பார்கள். நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்று நம்ப நமக்கு ஆசை. அது பொய்க்கும்போது பாதிக்கப்பட்டவரிடமே குற்றம் தேடுகிறோம்; மெல்வின் லெர்னர் 1960-களில் ஆராயத் தொடங்கியது இதைத்தான். அந்தக் காட்சிக்குத் திரும்பிப் போங்கள். கைக்குட்டையில் மந்திரம் நெய்யப்பட்டிருப்பதாகச் சொல்லி அவளை முதலில் பயமுறுத்துகிறான் ஒதெல்லோ. பொய் அதற்குப் பிறகுதான் வருகிறது.

5. நாடகம் சொல்லாத சிறுவயதுக் காயங்களைக் கற்பித்து, பாத்திரத்துக்கு நோய்ப்பெயர் சூட்ட வேண்டாம்.

6. குழுவாகப் பேச உட்காருமுன் உங்கள் தீர்ப்பை இரண்டு வரியில் எழுதி மடித்துவையுங்கள். பேசி முடிந்ததும் பிரித்துப் பாருங்கள். மாறியிருந்தால், மாற்றியது நாடகத்தின் எந்த வரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரி எதுவும் அகப்படவில்லையென்றால் பழைய தீர்ப்பையே வைத்து எழுதத் தொடங்குங்கள்.