பெட்டியைத் தொடும் முன் லாகைத் திறவுங்கள்

'கோடி' மீடியா சென்டர் பழுது என்று அழைப்பு வந்தால் புகார் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். நேற்று வரை ஓடிய ஆட்-ஆன் இன்று திறக்கவில்லை. அல்லது ஸ்கின் மாற்றினார்கள், மெனுவைக் காணோம். போகிற டெக்னீஷியன் பலரும் ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு வீட்டில் வேலையை முடித்துப் பையைக் கட்டும்போது அந்த அம்மா கேட்டார்: "தம்பி, அவர் பார்த்த படத்துக்கெல்லாம் டிக் விழுந்திருக்குமே, அது எங்கப்பா?" அவருடைய கணவர் முந்தின வருஷம் காலமாகியிருந்தார். வீடியோ டேட்டாபேஸை நான் அழித்திருந்தேன், நகல் எடுத்திருக்கவில்லை. அன்றிலிருந்து 'யூசர்டேட்டா' ஃபோல்டரை பென்டிரைவில் எடுத்து வைக்காமல் எந்தப் பெட்டியிலும் கை வைப்பதில்லை. லைப்ரரி, செட்டிங்ஸ், ஆட்-ஆன்களின் லாகின் விவரம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. சில நிமிஷ வேலை.

அடுத்தது லாக். 'கோடி' தான் செய்வதையும் தடுக்கி விழுவதையும் 'கோடி.லாக்' என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. லிப்ரெஎலெக் இயங்குதளத்திலும் மற்ற லினக்ஸிலும் அது டெம்ப் ஃபோல்டரில் இருக்கும், விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள். ஒவ்வொரு முறை கோடி தொடங்கும்போதும் முந்தைய லாக் 'ஓல்ட்' என்று பெயர் மாறி ஒதுங்கும், அதற்கும் முந்தையது அழிந்துபோகும். கோடி முடங்கிய பிறகு இரண்டு முறை ஆஃப் செய்து ஆன் செய்தால் தடயம் போச்சு. அதனால் போனிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் வர்ற வரைக்கும் ரீஸ்டார்ட் பண்ணாதீங்க."

லாக் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். 'எரர்' என்று தேடுங்கள். பைத்தான் பிழை என்றால் கீழே ஒரு 'டிரேஸ்பேக்' இருக்கும். அதன் கடைசி வரியை முதலில் படியுங்கள். ஏதோ மாட்யூல் கிடைக்கவில்லை என்றால், அந்த ஆட்-ஆன் நம்பியிருக்கும் துணை ஆட்-ஆன் இல்லை அல்லது முடக்கப்பட்டிருக்கிறது. வழியெல்லாம் 'எக்ஸ்பிஎம்சி' என்ற பெயர் வந்தால் குழம்ப வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகப் பிறந்த மென்பொருளின் பழைய பெயர் அது. 2014-இல் 14-ஆம் பதிப்போடுதான் 'கோடி' ஆனது.

பதிப்பு எண்ணையும் லாக் கோப்பின் தலைப்பிலேயே பாருங்கள். 2021-இல் வந்த 19-ஆம் பதிப்பான 'மேட்ரிக்ஸ்', பைத்தான் 2-ஐக் கைவிட்டு 3-க்கு மாறியது. புதுப்பிக்கப்படாத பழைய ஆட்-ஆன்கள் அந்த மேம்பாட்டோடு முடங்கிவிட்டன. பல வருஷம் தொடாத பெட்டியை ஒரேயடியாக மேம்படுத்தும் வீடுகளில் இன்றும் இந்தப் புகார் வரும். அங்கே ரீசெட் உதவாது. புதிய பதிப்பு ஆட்-ஆனையோ மாற்று ஆட்-ஆனையோதான் தேட வேண்டும்.

எல்லா ஆட்-ஆனும் ஒரே நேரத்தில் செத்துக் கிடந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான போர்டுகளில் மின்சாரம் இல்லாதபோது நேரம் காக்கும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்து, நெட்டிலிருந்து நேரமும் வாங்க முடியாவிட்டால் பெட்டி பழைய தேதியிலேயே நிற்கும். தேதி தப்பானால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். எந்த சர்வரோடும் பேசாது. தேதியைச் சரிசெய்தால் எல்லாம் உயிர் பெறும்.

ஒரே ஒரு ஆட்-ஆன் மட்டும் புதுப்பித்தபின் கெட்டிருந்தால், அதன் தகவல் பக்கத்தில் 'வெர்ஷன்ஸ்' பட்டனை அழுத்தி, முந்தைய பதிப்பு அங்கே இருந்தால் அதற்குத் திரும்புங்கள். கூடவே அதன் தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் நாளைக்கே மறுபடி போன் வரும்.

திருட்டுப் படம் காட்டும் ஆட்-ஆனைச் சரிசெய்யச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட ஆட்-ஆன்களை ஏற்றிப் பெட்டி விற்பது பதிப்புரிமை மீறல் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-லேயே தீர்ப்பளித்தது. அந்த வருமானம் தொழிலுக்கு ஆகாது.

ஸ்கின் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள், ஏனென்றால் வாடிக்கையாளர் தினமும் கண்ணால் பார்ப்பது அதைத்தான். 17-ஆம் பதிப்பிலிருந்து 'எஸ்சுவரி'தான் இயல்பாக வரும் ஸ்கின். புது ஸ்கினுக்கு மாற்றியதும் 'இதையே வைத்துக்கொள்ளவா' என்று ஒரு கேள்வி வந்து சில விநாடிகளில் மறையும். பதில் சொல்லாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். "ஸ்கின் மாறவே மாட்டேங்குது" என்ற புகார்களில் சில இவ்வளவுதான்.

புது ஸ்கினில் மாட்டி ரிமோட்டுக்கு எதுவும் நகரவில்லை என்றால், ஜியுஐ செட்டிங்ஸ் கோப்பில் ஸ்கின் பெயரை எஸ்சுவரி என்று மாற்றலாம். ஆனால் கோடியை மூடிய பிறகுதான் கை வையுங்கள். ஓடும்போது திருத்தினால், மூடும் நேரத்தில் அது பழையதையே மேலே எழுதிவிடும்.

தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், இன்டர்ஃபேஸ் செட்டிங்ஸின் ஸ்கின் பகுதியில் எழுத்துருவை 'ஏரியல் பேஸ்டு' என்று மாற்றிப் பாருங்கள்.

மெனுவைத் திருத்தக் கேட்டால் நிறுவிய ஸ்கினை நேரடியாகத் திருத்தாதீர்கள். அடுத்த அப்டேட்டில் உங்கள் வேலை போய்விடும். ஃபோல்டரை நகலெடுத்து வேறு பெயர் வையுங்கள். உள்ளே ஆட்-ஆன் எக்ஸ்எம்எல் கோப்பில் ஐடியையும் அதே பெயருக்கு மாற்றுங்கள். பிறகு கோடியை ஒருமுறை மூடித் திறந்து, ஆட்-ஆன் பட்டியலில் அதை எனேபிள் செய்ய வேண்டும். 'ரீலோட்ஸ்கின்' கட்டளைக்கு கீபோர்டில் ஒரு விசையை ஒதுக்கிவிட்டால், அதன்பின் ஒவ்வொரு திருத்தத்தையும் மூடித் திறக்காமலே திரையில் பார்க்கலாம். ஒரு டேக்கை மூட மறந்தால்கூட அந்தத் திரை வராது, எந்த வரியில் பிழை என்பதை லாக் சொல்லும். இப்படி ஒரு வாரம் விளையாடினாலே எக்ஸ்எம்எல் பயம் போய்விடும்.

இதை வேலையாக வளர்க்க நினைப்பவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. கோடியின் ஸ்கின்களும் ஆட்-ஆன்களும் கிட்ஹப்பில் திறந்து கிடக்கின்றன. நீங்கள் செய்த திருத்தத்தை புல் ரிக்வெஸ்டாக அனுப்பலாம். தமிழ் இடைமுகத்தின் மொழிபெயர்ப்பு வெப்லேட் தளத்தில் நடக்கிறது, அதிலும் பங்கேற்கலாம். வேலை கேட்டுப் போகும் இடத்தில் "கோடி தெரியும்" என்று சொல்வதைவிட, ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு திருத்தத்தின் சுட்டியைக் காட்டினால் மதிப்பு கூடும்.

வேலை முடிந்ததும் ரிமோட்டை அந்த வீட்டில் மூத்தவர் கையில் கொடுத்து, அவருக்குப் பிடித்த படம் ஒன்றை அவரையே போடச் சொல்லுங்கள். விரல் எந்த இடத்தில் தயங்குகிறதோ, அந்த மெனுவை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.