பாத்திரம் கழுவும் எந்திரத்தில் நாற்றம் ஏன்?

கோடை விடுமுறையில் சென்னையிலுள்ள என் தங்கை வீட்டிற்குப் போயிருந்தேன். சமையலறையில் நுழைந்ததுமே அழுகிய முட்டையின் வாடை மூக்கைத் துளைத்தது. "அண்ணா, பாத்திரம் கழுவுகிற மிஷின்தான். எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்தேன், வினிகர் ஊற்றினேன், சமையல் சோடாவும் போட்டேன். ஒன்றுக்கும் மசியவில்லை. பிசிக்ஸ் வாத்தியார் நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்றாள். வினிகர் ஊற்றி ஓடவிட்டு முடித்தவள், அடுத்ததாகப் பிளீச்சிங் திரவத்தையும் கையில் எடுத்துவிட்டாள். "அதைக் கீழே வை" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். ஏன் அப்படிக் கத்தினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த எந்திரம் புதியதன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசஃபைன் காக்ரேன் என்ற பெண்மணி 1886-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிக்காகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியிலும் அது வைக்கப்பட்டது. தட்டுகளின் மேல் நீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுவது என்னும் அவருடைய கருத்துதான் இன்றும் பயன்படுகிறது. எந்திரத்தின் அடியிலுள்ள குழியில் நீர் தேங்கும். பம்பு அந்த நீரை உறிஞ்சி, சுழலும் கைகளின் துளைகள் வழியாக மேலே அடிக்கும். அதே நீர் வடிகட்டி வழியாக இறங்கி மீண்டும் குழிக்கு வரும்.

அப்படியானால் நாற்றம் எங்கே பிறக்கிறது? முதலாவது இடம் வடிகட்டி. சோற்றுப் பருக்கை, முட்டைத் துணுக்கு, குழம்பின் எண்ணெய் எல்லாம் அங்கே தங்குகின்றன. காற்றுப் படாத ஈரத்தில் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது, அதிலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளிவருகிறது. காற்றில் நூறு கோடிப் பங்கில் இந்த வாயு சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது இடம் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை. 18 நாடுகளில் 189 வீட்டு எந்திரங்களின் ரப்பர் பட்டைகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், அவற்றில் 62 விழுக்காட்டில் பூஞ்சைகள் இருந்ததாகக் கண்டார்கள். சூட்டையும் காரத்தையும் தாங்கக்கூடிய எக்சோஃபியாலா என்னும் கரும்பூஞ்சை இனமும் அவற்றுள் உண்டு. பட்டையின் மடிப்பில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பாக ஏதேனும் ஒட்டும்.

மூன்றாவது காரணம் கொழுப்பு. நெய் 60 டிகிரி செல்சியசில் எண்ணெயாக ஓடுகிறது. கழிவுக் குழாயில் போய் ஆறியதும் சுவரில் கெட்டியாகப் படிந்துவிடுகிறது. எப்போதும் 50 டிகிரி சிக்கன ஓட்டத்திலேயே எந்திரத்தை ஓட்டும் வீடுகளில் இந்தப் படிவு விரைவாகச் சேரும். மாதம் ஒருமுறை, பாத்திரம் எதுவுமின்றி, மிகுந்த வெப்பநிலையில் ஓடவிடுவது நல்லது.

இனி, வீட்டில் கிடைக்கும் மருந்துகளுக்கு வருவோம். மீன் சட்டியை நம் பாட்டிமார் புளி போட்டுத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீன் வாடைக்குக் காரணமான டிரைமெத்தில் அமீன் ஒரு காரம். புளியின் அமிலம் அதனுடன் சேர்ந்து உப்பாகிவிடும். உப்பு ஆவியாகாது. ஆவியாகாத பொருள் மூக்கை எட்டாது. வினிகர் செய்வதும் இதைத்தான். புளித்த பால், நாட்பட்ட வெண்ணெய் இவற்றின் வாடை பியூட்டிரிக் அமிலத்தால் வருவது. அதற்கு வினிகர் பயன்படாது; காரத்தன்மையுள்ள சமையல் சோடாதான் வேண்டும். அழுகிய முட்டை வாடையும் அப்படியே. ஹைட்ரஜன் சல்பைடு ஒரு மெல்லிய அமிலம் ஆதலால் சோடா அதை ஓரளவு பிடித்துவைக்கும். வினிகரோ அதை நீரிலிருந்து வெளியே துரத்தும்! என் தங்கைக்கு வினிகர் ஏன் கைகொடுக்கவில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

எலுமிச்சையைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. தோலிலுள்ள எண்ணெய் மணக்கும், நாற்றத்தை மறைக்கும். அழுக்கு அங்கேயே இருக்கும்.

வினிகரின் உண்மையான பயன் வேறொன்று. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் எந்திரத்தின் உட்புறத்தில் வெண்மையான கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அந்தச் சொரசொரப்பில் அழுக்கு எளிதாக ஒட்டிக்கொள்ளும். 5 விழுக்காடு வினிகர் 200 மில்லிலிட்டரில் அசெட்டிக் அமிலம் 10 கிராம் இருக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் அது 8 கிராம் படிவு வரை கரைக்க வல்லது. எந்திரம் ஒரு தடவைக்கு எடுக்கும் ஏறத்தாழ 4 லிட்டர் நீரில் அது கலந்தால் 20 மடங்கு நீர்த்துப்போகும். ஆனாலும் தூய நீரில் அதன் பி.எச். மதிப்பு 2.4-இலிருந்து 3 வரைதான் உயரும். மென் அமிலம் நீர்க்க நீர்க்க அதிகமாக அயனியாகிறது என்று படித்திருப்பீர்களே, அதன் பலன் இது.

வினிகரை எந்திரத்தின் அடியில் ஊற்றக்கூடாது. பல எந்திரங்கள் தொடங்கியதுமே பழைய நீரை வெளியேற்றும். அதனோடு வினிகரும் போய்விடும். ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மேல் தட்டில் நிமிர்த்து வையுங்கள். சோப்புத்தூள் போடவேண்டாம், அது காரம். ரப்பர் பாகங்களை எண்ணி, மாதத்திற்கு ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்யாமலிருப்பது உத்தமம்.

வினிகரையும் சோடாவையும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பலன் என்று சிலர் நினைக்கிறார்கள். நுரை பொங்குவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த 10 கிராம் அமிலத்தை 14 கிராம் சோடா, அதாவது ஒரு மேசைக்கரண்டி, முழுவதும் தீர்த்துவிடும். கிடைப்பது சுமார் 4 லிட்டர் கரியமில வாயுவும் சோடியம் அசெட்டேட் உப்பும்தான். அமிலமும் போயிற்று, காரமும் போயிற்று. எனவே ஒருநாள் வினிகர். மற்றொரு நாள் இரவில் அடித்தளம் முழுதும் சோடாவைத் தூவி, காலையில் ஒரு சிறிய ஓட்டம்.

இப்போது நான் கத்திய காரணம். பிளீச்சிங் திரவத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட்டு இருக்கிறது. அதில் அமிலம் பட்டால் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரல் 22-இல் பெல்ஜியத்தின் ஈப்ரு போர்முனையில் ஜெர்மானியப் படை எதிரிகள்மேல் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். நுரையீரலின் ஈரத்தில் அது அமிலமாகி அரித்துவிடும். சன்னல் சாத்திய சமையலறையில் சிறிதளவு வெளிப்பட்டாலும் ஆபத்து. வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் அமிலம் எதுவானாலும் சரி, பிளீச்சிங் பொருளோடு சேரவே கூடாது. எஃகுத் தொட்டிக்கும் அது பகை.

வேதியியலுக்குள் நான் அதிகம் நுழைந்துவிட்டேன். என் பாடத்திற்குத் திரும்புகிறேன். 60 டிகிரியில் ஒரு கனமீட்டர் தெவிட்டிய காற்றில் 130 கிராம் நீராவி இருக்கும். 30 டிகிரியில் 30 கிராம்தான். தொட்டியின் கொள்ளளவு 150 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறக்காமலே ஆறவிட்டால் 15 கிராம் நீர் உள்ளேயே துளித்துளியாகப் படியும். அதன் பிறகு உள்ளே இருக்கும் காற்று தெவிட்டியே இருப்பதால், எத்தனை மணி நேரமானாலும் அந்த ஈரம் காயாது. பூஞ்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஓட்டம் முடிந்து சூடு தணிந்ததும் கதவை நான்கு விரற்கடை திறந்து வைத்தால் போதும். காசு செலவில்லாத இந்த வழிக்கே நான் முதலிடம் தருவேன்.

தங்கை வீட்டில் அதையும் செய்து பார்த்தோம். வடிகட்டியைத் திருகி எடுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினோம். வாடை பாதி குறைந்தது. மறுநாள் மீண்டும் வந்தது. எந்திரத்தை முன்னே இழுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கழிவுநீர்க் குழாய் தரையிலேயே கிடந்து தொட்டியடிக் கழிவுக்குழாயில் போய்ச் சேர்ந்திருந்தது. பாத்திரத் தொட்டியில் கழுவி ஊற்றும் நீர் அடைத்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம், மட்டம் சமமாகும்வரை அது எந்திரத்தை நோக்கித் திரும்பி ஓடியிருக்கிறது. நீர் தன் மட்டத்தைத் தேடும் என்பதைப் பொருத்தியவர் மறந்துவிட்டார். குழாயின் நடுப்பகுதியைத் தொட்டியின் விளிம்புவரை உயர்த்தி, ஒரு கொக்கியில் மாட்டினோம். எதிர்த்து வரும் நீர் அந்த மேட்டைத் தாண்ட முடியாது. மூன்றாம் நாள் வாடை இல்லை.

வீட்டில் இந்த எந்திரம் இல்லாதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மீன் கழுவிய நீரை மூன்று கிண்ணங்களில் எடுங்கள். ஒன்றில் ஒரு கரண்டி வினிகர், இன்னொன்றில் ஒரு கரண்டி சமையல் சோடா. மூன்றாவதை அப்படியே விடுங்கள். பத்து நிமிடம் கழித்து, கண்ணைக் கட்டிய நண்பரிடம் எது அதிகம் வீசுகிறது என்று கேளுங்கள். பிறகு புளித்த பாலை வைத்து அதே சோதனையைச் செய்து, வரிசை மாறுகிறதா என்று பாருங்கள்.