நெடுந்தூர மிதிவண்டிப் பயணம்: முதன்முறை செல்வோர்க்கு
(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

நம்மில் பலரும் மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்றவர்களே. ஆயினும் ஒரே நாளில் 200 கிலோமீட்டர் செல்ல முடியுமா என்று கேட்டால் தயங்குவோம். முறையாக ஆயத்தம் செய்தால் முடியும். அம்முறையை இக்கட்டுரையில் காண்போம்.

1897இல் இத்தாலியில் மிதிவண்டி வீரர் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை ஒரே பகலில் சென்றனர். அவர்கள் 'ஆடாக்ஸ்' எனப்பட்டனர். இலத்தீன் மொழியில் இதற்குத் 'துணிவுடையவர்' என்பது பொருள். இவ்வழக்கம் பிரான்சில் வளர்ந்து, 'பிரவே' என்னும் விதிமுறைப் பயணமாயிற்று. நம் நாட்டில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் என்னும் அமைப்பின் கீழ் சென்னை, கோவை போன்ற நகரங்களிலிருந்து இவை நடைபெறுகின்றன.

பிரவே பந்தயமன்று. முதலில் வந்தவருக்குப் பரிசு இல்லை. காலவரம்புக்குள் முடித்தோர் அனைவரும் சமம். தொடக்கத் தூரமான 200 கி.மீ.க்கு வரம்பு பதின்மூன்றரை மணி நேரம். வழியிலுள்ள சோதனை இடங்களையும் குறித்த நேரத்துக்குள் கடக்க வேண்டும். வழியில் பழுது நேர்ந்தால் தானே சரிசெய்துகொள்ள வேண்டும்.

இனி கணக்கைப் பார்ப்போம். மணிக்குச் சராசரி 15 கி.மீ. சென்றாலே போதும். 20 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 10 மணி நேரத்தில் முடியும். மூன்றரை மணி நேரம் மிஞ்சும். உணவு, ஓய்வு, பஞ்சர் எல்லாம் இம்மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே பாய்ச்சலை விட நிதானமே முக்கியம்.

இதை நான் பட்டே அறிந்தேன். சென்ற ஆடி மாதம் நானும் ஒரு நண்பனும் பயிற்சிக்காக நாகர்கோவிலிலிருந்து வள்ளியூருக்குப் புறப்பட்டோம். என்னுடையது கியர் வைத்த புது வண்டி. அவனுடையது அவன் அப்பாவின் பழைய வண்டி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று முதுகைத் தள்ள, நான் பறந்தேன். "மெதுவாப் போலே, திரும்பி வரணும்" என்றான் நண்பன். நான் கேட்கவில்லை. திரும்புகையில் காவல்கிணறு தாண்டியதும் அதே காற்று நெஞ்சில் மோதியது. முப்பந்தலில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்க, நான் இறங்கி வண்டியை உருட்டினேன். என் வண்டி சுமை ஆட்டோவில் வீடு வந்தது. நண்பன் மிதித்தே வந்து சேர்ந்தான்.

காரணம் இயற்பியலில் உள்ளது. காற்றின் தடை, நாம் எதிர்கொள்ளும் காற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 20 கி.மீ. வேகத்தில் செல்பவர் மேல் 20 கி.மீ. எதிர்க்காற்று வீசினால், தடை நான்கு மடங்காகும். அப்போது வேகத்தைக் காக்க முயலாமல், மிதிக்கும் உழைப்பை ஒரே சீராக வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

பயிற்சியை எட்டு வாரங்களுக்கு முன்பே தொடங்குதல் நன்று. முதலில் சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி சென்று திரும்பலாம். சுமார் 40 கி.மீ. ஆகும். பின்னர் ஏற்ற இறக்கம் மிகுந்த தக்கலை, மார்த்தாண்டம் சாலையில் பழகலாம். வாரம் ஒரு நீண்ட பயணம் போதும். அதன் தூரத்தைச் சிறிது சிறிதாக 120 கி.மீ. வரை கூட்டி, கடைசி வாரம் ஓய்வு கொள்க.

சீட்டின் உயரம் சரியாக இல்லாவிடில் முழங்கால் வலிக்கும். பெடல் கீழே இருக்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால், கால் ஏறக்குறைய நேராக வேண்டும். மாற்று ட்யூப், ஒட்டுப்போடும் பொருள்கள், பம்பு ஆகியவற்றுடன், பஞ்சர் ஒட்டும் பழக்கமும் வேண்டும். தலைக்கவசம், முன்பின் விளக்குகள், ஒளி திருப்பும் மேற்சட்டை ஆகியவற்றை மறக்கலாகாது.

தாகம் எடுக்கும் முன்னரே சிறிது சிறிதாக நீர் அருந்துக. வெயிலில் உப்புச் சேர்த்த மோர் நல்லது. பசிக்கும் வரை காத்திராமல் மணிக்கொருமுறை ஏதேனும் உண்க. நம் ஊர் மட்டிப்பழமும் கடலை மிட்டாயும் சட்டைப்பையில் அடங்கும். புதிய உணவையோ புதிய செருப்பையோ பயண நாளன்று சோதித்துப் பார்க்க வேண்டா.

வரும் மார்கழியில் முதல் 200 கி.மீ. பயணத்துக்கு நாங்கள் இருவரும் பெயர் கொடுத்துள்ளோம். இம்முறை நண்பன் முன்னே செல்வான். நான் அவன் வேகத்தில் பின்தொடர்வேன்.