ஒலியின் திசையும் செவித்துணைக் கருவியும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில், பஜார் சாலையின் இருமருங்கும் பண்டகசாலைகள் நெருங்கி நிற்கின்றன. அத்தகைய குறுகிய தெருவில் வண்டியின் ஒலி காதில் விழுந்தால் மட்டும் போதாது. அது எப்பக்கத்திலிருந்து வருகிறதென்று தெரிந்தாலன்றி ஒதுங்க இயலாது. செவித்துணைக் கருவி அணிந்தோர் பலருக்கு ஒலி உரக்கக் கேட்கிறது; திசையோ எளிதில் புலப்படுவதில்லை.

இரு செவிகளின் தொழில்

வலப்புறத்தில் எழும் ஒலி இடச்செவியை அடையத் தலையைச் சுற்றி ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் மிகுதியாகச் செல்ல வேண்டும். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். ஆகவே தாமதம் ஏறத்தாழ 0.65 மில்லிவிநாடி. தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகளின் திசையை மூளை இக்கால வேறுபாட்டால் அறிகிறது. உயர்ந்த சுருதியுள்ள ஒலியைத் தலை மறைப்பதால், மறைவிலுள்ள செவியில் உரப்புக் குறைகிறது. இவ்விரு குறிகளையும் ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபு 1907-ல் விளக்கினார். முன், பின், மேல் என்ற வேறுபாட்டை உணரச் செவிமடலின் மடிப்புகள் உதவுகின்றன.

கருவியில் நேரும் குறை

சட்டைப்பையில் வைக்கும் கருவிக்கு ஒலிவாங்கி ஒன்றே. அதிலிருந்து இரு செவிகளுக்கும் கம்பி செலுத்தினாலும் இரண்டும் ஒரே ஒலியைப் பெறுவதால் திசை தோன்றாது. காதின் பின்னே அணியும் கருவியில் ஒலிவாங்கி மடலுக்கு மேல் அமைவதால் மடலின் உதவி குன்றுகிறது. இரு கருவிகள் தனித்தனியே பேரொலியைத் தணித்துச் சிற்றொலியை உயர்த்தும்போது உரப்பு வேறுபாடும் சுருங்குகிறது. அவற்றைக் கம்பியின்றி இணைத்து ஒருங்கே இயக்கும் முறை இக்குறையைச் சிறிது தணிக்கும், முற்றும் நீக்காது.

சோதிக்கும் முறை

மாணவனைக் கண்களை மூடித் தலையசையாமல் அமரச் செய்தல் வேண்டும். முன், பின், இடம், வலம் ஆகிய நான்கு பக்கங்களிலும் ஒரு மீட்டர் தொலைவில் ஒவ்வொருவர் நின்று, முறைமாற்றிக் கைதட்டுக. பக்கத்திற்கு ஐந்து முறை தட்டி, மாணவன் சுட்டிய திசையைக் குறித்துக்கொள்க. சுவர்கள் நெருங்கிய இடத்தில் எதிரொலி குழப்புமாதலால், திறந்த முற்றத்திலும் குறுகிய தாழ்வாரத்திலும் சோதித்தல் நலம்.

இடமும் வலமும் மாறினால் முதலில் மின்கலத்தையும் உரப்பு அளவையும் பார்த்து, பின்னும் மாறினால் செவியியல் வல்லுநரிடம் அனுப்புக. முன்னும் பின்னும் மட்டும் மாறினால், தலையைச் சற்றே இருபுறமும் திருப்பிக் கேட்கப் பழக்குக. நலமான செவியுடையோரும் இவ்வாறே ஐயம் தீர்த்துக்கொள்கின்றனர். திசையுணர்வு நன்கு தேறும்வரை, தெருவைக் கடக்கையில் செவியை நம்பாது இருபுறமும் கண்ணால் பார்த்துச் செல்லும் வழக்கத்தை மாணவனுக்கு ஊட்டுதல் ஆசிரியரின் கடமை.