விருப்பம் உண்டு, பகிர்வு இல்லை

கேள்வி: முகநூலில் நல்ல கவிதைக்கு விருப்பக்குறிகள் குவிந்தாலும், அதைப் பகிர்வோர் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பது ஏன்?

பதில்: 2009இல் முகநூலில் அறிமுகமான விருப்பக்குறி, படைத்தவரை நோக்கிய ஒரு தலையசைப்பு மட்டுமே, பகிர்வோ, அப்படைப்பைத் தம் பெயரின்கீழ் கொண்டுவந்து மேலதிகாரி, சம்பந்தி, பழைய வகுப்புத் தோழர் என அனைவர் முன்னும் நிறுத்தும் செயல். பிறர் மனத்தில் தம்மைப் பற்றிப் பதியும் எண்ணத்தை ஒருவர் கவனமாகப் பேணுவதைச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் ‘தோற்ற மேலாண்மை’ என்று 1950களிலேயே விளக்கினார். பிரிவுத்துயர் பற்றிய கவிதையைப் பகிர்ந்தால், “வீட்டில் ஏதும் பிரச்சினையா?” என்ற விசாரிப்பு வந்து சேரும் என்று அஞ்சும் வாசகர், கட்டைவிரல் குறியோடு நின்றுவிடுகிறார். ரத்த தான வேண்டுகோளுக்கு இந்தத் தயக்கம் இல்லை; அது பகிர்பவரின் அந்தரங்கம் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. (அதே கவிதை வாட்ஸ்அப்பில் நெருங்கிய தோழிக்குத் தனியே போவதுண்டு, அது கவிஞரின் கணக்கில் ஏறுவதில்லை.)